தீர்ப்பு கையில், பணம் கடனாளியிடம்: சிபில் ரிப்போர்ட் உதவுமா?

கைமாற்றாகக் கொடுத்த பணத்துக்காக வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலைந்து, கடைசியில் டிக்ரியும் வாங்கியாகிவிட்டது. ஆனால் எதிராளி ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை. "பேங்கில் வேலை பார்க்கும் சொந்தக்காரர் இருக்கிறார். அவர் மூலம் அவனுடைய சிபில் ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தால் என்ன?" என்று கேட்பவர்களை நம் மஹல்லாக்களில் பார்க்கிறோம்.

கூடாது என்பதே பதில். கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 2005-இன்படி ஒருவருடைய கடன் விவரத்தை அவரும், வங்கி போன்று சட்டம் அனுமதித்த அமைப்புகளும்தான் பெற முடியும். டிக்ரி கையில் இருப்பதால் மட்டும் நமக்கு அந்த உரிமை வந்துவிடாது. அனுமதியின்றிப் பார்ப்பது குற்றம். இதற்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. நமக்கு உதவப்போன வங்கி ஊழியரின் வேலைக்கும் ஆபத்து.

அப்படியே கிடைத்தாலும் பெரிய பலன் இல்லை. ஒருவர் எங்கெங்கே கடன் வாங்கினார், ஒழுங்காகக் கட்டினாரா என்பதைத்தான் அந்த ரிப்போர்ட் சொல்லும். அவருக்கு என்ன சொத்து இருக்கிறது, சேமிப்புக் கணக்கில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பது அதில் இருக்காது. வசூலுக்கு நமக்குத் தேவை அதுதானே?

அதற்குச் சட்டமே வழி தந்திருக்கிறது. நிறைவேற்று மனு தாக்கல் செய்து, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21-ஆம் கட்டளை, 41-ஆம் விதியின்படி கடனாளியைக் கோர்ட்டுக்கு அழைத்து விசாரிக்கக் கேட்கலாம். பணம் கட்ட வேண்டிய டிக்ரி 30 நாட்கள் நிறைவேறாமல் இருந்தால், சொத்து விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யும்படி கோர்ட் உத்தரவிடலாம். மீறினால் 3 மாதம் வரை சிவில் சிறை. அவர் பெயரில் நிலம் இருப்பதாகத் தெரிந்தால், சர்வே எண்ணைக் கொண்டு பதிவுத்துறையில் வில்லங்கச் சான்று எடுக்கலாம். அதற்குக் கடனாளியின் சம்மதம் தேவையில்லை. விவரம் கிடைத்ததும் ஜப்தி கேட்கலாம்.

ஆனால் எல்லாவற்றையும் ஜப்தி செய்ய முடியாது. உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், கைவினைஞரின் கருவிகள் ஆகியவற்றுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. 31,000 ரூபாய் சம்பளம் என்றால், மாதம் 10,000 ரூபாய்தான் பிடிக்கலாம். வெறும் ஏழ்மைக்காக யாரையும் சிறையில் அடைக்க முடியாது என்று 1980-இல் உச்ச நீதிமன்றம் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் தெளிவாக்கியது.

வசதியிருந்தும் இழுத்தடிப்பது அநியாயம், சிரமத்தில் இருப்பவருக்கு அவகாசம் கொடுக்க வேண்டும் என்று மார்க்கம் நமக்குக் கற்றுத்தரும் வேறுபாடும் இதுதான். எதிராளி இந்த இரண்டில் எந்த வகை என்பது, கோர்ட் விசாரணையில் நேர்வழியிலேயே வெளிவந்துவிடும்.

டிக்ரியை நிறைவேற்ற 12 ஆண்டு அவகாசம் உண்டு. அதற்காகக் காத்திருக்க வேண்டாம். காலம் கடக்கக் கடக்கச் சொத்து கைமாறிவிடும். குறுக்கு வழி தேடும் நேரத்தில் வக்கீலைப் பார்த்து மனுவைப் போடுவோம்.