ஆஸ்திரியப் பலகாரமும் ரொட்டி சானாய் அண்ணனும்

தங்கையின் பள்ளியில் உலக உணவு நாள். ஆளுக்கொரு நாடு. குலுக்கலில் படிவம் 4 படிக்கும் அவளுக்கு விழுந்தது ஆஸ்திரியா. "ஆப்பிள் ஸ்ட்ரூடல் செய்வோம் அண்ணே" என்றாள். ஜொகூர் பாருவில் எங்கள் வீட்டில் யாரும் அதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

ஸ்ட்ரூடல் என்றால் ஜெர்மன் மொழியில் நீர்ச்சுழி. மெல்லிய மாவில் ஆப்பிளைப் பரப்பிச் சுருட்டிச் சுடுவார்கள். குறுக்கே வெட்டினால் சுழி தெரியும். துருக்கியரின் மெல்லிய மாவுப் பலகாரங்களின் வழிவந்தது இது என்பது பரவலான கருத்து. வியன்னா நகர நூலகத்தில் உள்ள 1696-ஆம் ஆண்டுக் கையெழுத்துச் சமையல் ஏட்டிலேயே ஸ்ட்ரூடல் செய்முறை இருக்கிறது.

மாவைக் கண்ணாடிபோல் இழுக்க வேண்டும், அடியில் நாளிதழ் வைத்தால் எழுத்தைப் படிக்க முடிய வேண்டும் என்பது அந்த ஊர்க் கணக்கு. நான் இழுத்தேன். கிழிந்தது. ஒட்டி மறுபடி இழுத்தேன். நாலு பக்கமும் கிழிந்தது. நறுக்கி வைத்த பச்சை ஆப்பிள் கறுத்துப்போனதுதான் மிச்சம். தங்கை எதுவும் பேசவில்லை. அது திட்டியதைவிட மோசமாக இருந்தது. பள்ளிக்கு இன்னும் இரண்டே நாள்.

மறுநாள் காலை பசியாற மாமாக் கடைக்குப் போனபோதுதான் உறைத்தது. ஒரு மாவு உருண்டையை வீசி வீசி மேசை அகலத்துக்கு விரித்துக்கொண்டிருந்தார் ரொட்டி சானாய் போடும் அண்ணன். நடந்ததைச் சொன்னேன்.

"என்ன மாவு தம்பி?"

"கேக் மாவுண்ணே."

சிரித்துவிட்டார். "பிசைஞ்சு எவ்வளவு நேரம் விட்டீங்க?"

"உடனே இழுத்தேன்."

"மாவு தூங்கணும் தம்பி. நாங்க ராத்திரியே பிசைஞ்சு, எண்ணெய் தடவி வச்சிடுவோம்."

வேதியியல் பாடமும் இதைத்தான் சொல்கிறது. கோதுமைப் புரதங்கள் நீரோடு சேர்ந்து குளூட்டன் என்ற வலையாகின்றன. கேக் மாவில் புரதம் குறைவு, வலை பலமாக இராது. பிசைந்தவுடன் வலை இறுகி நிற்கும். இழுத்தால் சுருங்கும், மீறினால் கிழியும். ஓய்வு கொடுத்தால் தளரும். மேலே தடவும் எண்ணெய் மாவைக் காயவிடாது.

இம்முறை புரதம் அதிகமுள்ள ரொட்டி மாவு 250 கிராம், வெதுவெதுப்பான நீர், இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு தேக்கரண்டி வினிகர், உப்பு. பத்து நிமிடம் பிசைந்து ஒரு மணி நேரம் மூடி வைத்தோம். அம்மாவின் பழைய பருத்திச் சேலையை மேசையில் விரித்து மாவு தூவினோம். விரல் நுனி பட்டால் ஓட்டை விழும் என்பதால் புறங்கையால் மெல்ல இழுத்தோம். சேலையின் பூக்கள் ஒவ்வொன்றாய் மாவுக்குள் தெரிய ஆரம்பித்தபோது தங்கை கத்தியே விட்டாள்.

வெண்ணெயில் வறுத்த ரொட்டித்தூளை முதலில் தூவ வேண்டும். ஆப்பிள் விடும் நீரை அது உறிஞ்சிக்கொள்ளும். அதன்மேல் ஆப்பிள், சர்க்கரை, பட்டைத்தூள், உலர்திராட்சை. சேலையைத் தூக்கினால் தானே சுருண்டுகொள்ளும். மேலே வெண்ணெய் பூசி, 190 பாகையில் 40 நிமிடம்.

காலையில் மொறுமொறுவென்று பள்ளிக்குப் போனது, நம் ஊர்ப் புழுக்கத்தில் பத்து மணிக்கே நமத்துவிட்டதாம். ஆனாலும் தட்டு காலியாகத்தான் திரும்பியது. ஒரு துண்டை எடுத்து வைத்து மாமாக் கடை அண்ணனுக்குக் கொடுத்தேன். நிதானமாகச் சுவைத்தார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. தொட்டுக்கத்தான் கறி இல்ல."