வேலை போனால் பாலிசி பணம் தருமா?

சம்பாதிக்க முடியாமல் போகும் மாதங்களில் சம்பளத்தின் ஒரு பகுதியை ஈடுகட்டித் தருவதுதான் வருமானப் பாதுகாப்புக் காப்பீடு. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் இது தனிப் பாலிசியாகவே விற்கப்படுகிறது. நோயோ விபத்தோ ஒருவரை வேலைக்குப் போகவிடாமல் முடக்கினால், அவர் தேறும் வரை அல்லது பாலிசியில் குறித்த காலம் வரை மாதாமாதம் பணம் வரும். இந்தியாவில் அப்படி முழுமையான ஒரே பாலிசி எளிதில் கிடைப்பதில்லை. விபத்துக் காப்பீடு, தீவிர நோய்க் காப்பீடு, மருத்துவக் காப்பீடு, தொழிலாளர் அரசுக் காப்பீடு (இ.எஸ்.ஐ.) என்று அந்தப் பாதுகாப்பு பல துண்டுகளாகப் பிரிந்து கிடக்கிறது. வேலை ஆட்டம் காணும்போது பலரும் முதலில் தேடுவதோ, இவை எல்லாவற்றையும்விடப் பலவீனமான ஒன்றை: வேலையிழப்புக் காப்பீட்டை.

வேலையிழப்புக் காப்பீடு பொதுவாகத் தனியே விற்கப்படுவதில்லை. வீட்டுக் கடன் பாதுகாப்புப் பாலிசியிலோ தீவிர நோய்ப் பாலிசியிலோ கூடுதல் அம்சமாக ஒட்டிக்கொண்டு வரும். அது தருவதும் சம்பளத்தை அல்ல. பெரும்பாலும் சில மாதக் கடன் தவணையை மட்டும்தான். பாலிசி எடுத்தபின் ஒரு காத்திருப்புக் காலம் உண்டு. அதற்குள் வேலை போனால் கிளைம் கிடையாது. தகுதிகாண் காலத்தில் இருப்பவர், ஒப்பந்த ஊழியர், சுயதொழில் செய்பவர் ஆகியோருக்கு இது பொருந்தாது. திறமைக் குறைவு, ஒழுங்கு நடவடிக்கை ஆகிய காரணங்களால் நீக்கப்பட்டாலும் பொருந்தாது.

எல்லாவற்றிலும் பெரிய முட்டுக்கட்டை ராஜினாமா. ஆட்குறைப்பு செய்யும் நிறுவனங்கள் பல, நீக்கக் கடிதம் கொடுப்பதைவிட ஊழியரையே ராஜினாமா எழுதித் தரச் சொல்வதை விரும்புகின்றன. அடுத்த வேலை தேடும்போது அதுவே கௌரவம் என்று ஊழியரும் கையெழுத்துப் போட்டுவிடுகிறார். காப்பீட்டு நிறுவனத்தின் பார்வையில் அது அவராக விட்ட வேலை. கிளைம் அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆட்குறைப்பு என்று காரணம் எழுதிய கடிதம் கையில் இல்லாமல் இந்தப் பாலிசியால் பயன் இல்லை. ஆகவே, கடனோடு சேர்த்து ஏற்கெனவே வந்திருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். இதற்காகவே புதிதாகப் பணம் செலவழிப்பது வீண் என்றே சொல்ல வேண்டும்.

வேலையோடு சேர்ந்து போகும் இன்னொன்று பலருக்கு நினைவுக்கு வருவதில்லை. நிறுவனம் தந்த குழு மருத்துவக் காப்பீடு, பணியின் கடைசி நாளோடு முடிந்துவிடும். சம்பளமும் நின்று, ஆஸ்பத்திரிச் செலவும் தலையில் விழுந்தால் சேமிப்பு சில வாரங்களில் கரையும். எனவே சொந்தப் பெயரில் ஒரு மருத்துவப் பாலிசிதான் முதல் தேவை. சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்று முன்பே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 3 ஆண்டுகள் வரை இருக்கலாம். வேலையில் இருக்கும்போதே எடுத்துவிட்டால் அந்தக் காலம் ஓடத் தொடங்கிவிடும். பிரீமியத்தைக் குறைக்க, சிறிய தொகைக்கு அடிப்படைப் பாலிசியும் அதைத் தாண்டும் செலவை ஏற்கும் சூப்பர் டாப்-அப் பாலிசியும் எடுப்பது நடைமுறையில் உள்ள வழி. தனிநபர் ஆயுள், மருத்துவப் பாலிசிகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை என்பதும் ஓர் ஆறுதல்.

வருமானத்தையே ஈடுகட்டுவதில் விலை குறைவானது தனிநபர் விபத்துக் காப்பீடு. ஆனால் அதில் ‘தற்காலிக முழு ஊனம்’ என்ற பிரிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கால் எலும்பு முறிந்து மூன்று மாதம் படுத்திருப்பவருக்கு வாராவாரம் பணம் தருவது அந்தப் பிரிவுதான். பல பாலிசிகளில் வாரத்துக்குக் காப்பீட்டுத் தொகையில் 1% என்று கணக்கு. 10 லட்சம் ரூபாய்ப் பாலிசி என்றால் வாரம் 10,000 ரூபாய். மாதம் 40,000 ரூபாய் வாங்குபவருக்கு ஏறக்குறைய முழுச் சம்பளம். வாராந்தரத் தொகைக்கு உச்சவரம்பு வைத்திருக்கும் நிறுவனங்களும் உண்டு. அதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2021-இல் கொண்டுவந்த ‘சரள் சுரக்ஷா பீமா’ என்ற பொது மாதிரிப் பாலிசியில் இந்தப் பிரிவு, விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் ஒன்றாகவே உள்ளது. வங்கிக் கணக்கில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டம் மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் மட்டுமே. தற்காலிகமாக முடங்குபவருக்கு அதில் ஒன்றுமில்லை.

நோயால் முடங்குவதற்கு இவ்வளவு தெளிவான விடை இல்லை. தீவிர நோய்ப் பாலிசி, புற்றுநோய், மாரடைப்பு, பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு என்று பட்டியலில் உள்ளவை உறுதியானால் மொத்தத் தொகையை ஒரே தவணையில் தரும். மருத்துவமனை ரசீதுக்கும் அதற்கும் தொடர்பில்லை. வீட்டு வாடகைக்கும் பயன்படுத்தலாம். ஆனால் இரண்டு மாதம் எழவிடாத முதுகுவலியோ மன அழுத்தமோ அந்தப் பட்டியலில் வராது. ஹாஸ்பிடல் கேஷ் எனப்படும் தினப்படிப் பாலிசியும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கும் நாட்களுக்கு மட்டுமே. இந்த இடைவெளியை நிரப்புவது சேமிப்பும் விடுப்பும்தான்.

மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெற்று இ.எஸ்.ஐ.யில் இருப்பவரின் நிலை, வினோதமாக, இதைவிட மேல். ஊதியத்தில் 0.75% மட்டும் கொடுக்கும் அவருக்கு, நோய்க்கால உதவியாக ஆண்டுக்கு 91 நாள் வரை ஊதியத்தில் 70% கிடைக்கிறது. எந்த நோய் என்ற பட்டியல் இதற்கு இல்லை. டாக்டரின் சான்றும் பங்களிப்புத் தகுதியும் இருந்தால் போதும். காசநோய், புற்றுநோய் போன்ற நீண்டகால நோய்களுக்கு 80% வரை கிடைக்கும். வேலை போனவருக்கு ‘அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா’ என்ற திட்டமும் உண்டு. 2018-இல் ஊதியத்தில் 25 சதவீதமாகத் தொடங்கி, கொரோனா காலத்தில் 50 சதவீதமாக உயர்த்தப்பட்ட இந்த உதவி, வாழ்நாளில் ஒரு முறை 90 நாள் வரை தரப்படும். அவ்வப்போது நீட்டிக்கப்படும் திட்டம் என்பதால், நடப்பு விதிகளை இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

பிரீமியத்தைக் கணக்கிடும்போது ஒரு தவறான சிக்கனம் பரவலாக இருக்கிறது. பணம் திரும்பக் கிடைக்கும் பாலிசி என்று பல மடங்கு கூடுதல் பிரீமியம் கட்டுவது. பின் வேலை போனதும் கட்ட முடியாமல் விட்டுவிடுவது. குடும்பத்துக்காக ஆயுள் காப்பீடு எடுப்பவருக்கு எதுவும் திரும்பாத சாதாரண டேர்ம் பாலிசிதான் மலிவு. வேலை சந்தேகமாக இருக்கும்போது, மாதத் தவணையைவிட ஓர் ஆண்டுப் பிரீமியத்தைச் சம்பளம் வரும்போதே மொத்தமாகக் கட்டுவது நல்லது. வேலை நின்றாலும் அந்த ஆண்டு முடியும் வரை பாலிசி நிற்கும். டேர்ம், விபத்துப் பாலிசிகளில் காப்பீட்டுத் தொகை வருமானத்தைப் பொறுத்தே முடிவாவதால் சம்பளச் சீட்டு கேட்பார்கள். வேலை போனபின் விண்ணப்பித்தால் தொகை குறையலாம், மறுக்கப்படவும் கூடும்.

விண்ணப்பத்தில் புகைப் பழக்கத்தையும் பழைய சிகிச்சைகளையும் மறைத்தால், குறைந்த பிரீமியத்தில் கிடைத்த பாலிசி கிளைம் நேரத்தில் கைவிட்டுவிடும். பாலிசி கைக்கு வந்ததும் விதிவிலக்குகள் பக்கத்தைப் படித்து, பிடிக்காவிட்டால் 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுக்க ஆயுள், மருத்துவப் பாலிசிகளில் வழி உண்டு. கிளைம் மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்திடம் எழுத்துமூலம் புகார் செய்ய வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லாவிட்டாலோ சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை; 50 லட்சம் ரூபாய் வரையிலான தகராறுகளை அவர் விசாரிப்பார்.