கல் பொறுக்கும் வீரர்கள்

தலைக்கு மேல் போர் விமானம் பறந்தால் நாம் எல்லோரும் அண்ணாந்து விமானியைத்தான் நினைப்போம். “அதைத் தயார் செய்து அனுப்பினது யாரு மாமா?” என்று உங்களில் யாருக்காவது கேட்கத் தோன்றினால், அந்தப் பிள்ளைக்கு இப்போதே ஒரு சபாஷ். கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

தஞ்சாவூரில் இந்திய விமானப்படைத் தளம் இருக்கிறது, தெரியும்தானே? 2020 ஜனவரியில் அங்கே சுகோய்-30 போர் விமானங்களுக்கென்று ஒரு படைப்பிரிவைத் தொடங்கினார்கள். சுகோய்க்குள் உட்காருகிறவர்கள் இரண்டே பேர். அதைக் கிளப்பிவிடத் தரையில் ஒரு பட்டாளமே வேலை செய்யும். எஞ்சின் பார்க்கிறவர், மின்சாரம் பார்க்கிறவர், ஆயுதம் மாட்டுகிறவர் என்று ஆளுக்கொரு பொறுப்பு. இவர்கள்தான் தரைப்பணிக் குழுவினர்.

இவர்களுக்கு ஒரு விசித்திரமான வேலை உண்டு. சொன்னால் சிரிப்பீர்கள். கல் பொறுக்குவது! விமானம் நிற்கிற இடத்திலும் ஓடுகிற பாதையிலும் வரிசையாக நின்று, தரையைப் பார்த்துக்கொண்டே மெல்ல நடப்பார்கள். சின்னக் கல், கழன்று விழுந்த திருகாணி, எது கண்ணில் பட்டாலும் எடுத்துவிடுவார்கள்.

ஏன் தெரியுமா? ஜெட் எஞ்சின் முன்வாய் வழியாகக் காற்றை உறிஞ்சும். உள்ளே வரிசை வரிசையாக உலோகத் தகடுகள், நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுழன்று, அந்தக் காற்றை நெருக்கி அழுத்தும். அழுத்திய காற்றில் எரிபொருள் எரியும். சூடான வாயு பின்பக்கம் பீறிடும். விமானம் முன்னால் பாயும்.

இதுவரை புரிந்ததா? சரி, காற்றோடு ஒரு கல்லும் உள்ளே போனால் என்ன ஆகும்? ஒரு தகட்டின் ஓரம் உடையும். உடைந்த துண்டு அடுத்த தகட்டில் மோதும். அது உடைந்து இன்னொன்றில் மோதும். கொஞ்ச நேரத்தில் எஞ்சினே நாசம்.

சுகோயில் இதற்கு ஓர் ஏற்பாடு இருக்கிறது. தரையில் ஓடும்போது எஞ்சினின் வாய்க்குள் ஓர் உலோக வலை எழுந்து நிற்கும். மேலே போனதும் மடங்கிக்கொள்ளும். “வலைதான் இருக்கே, அப்புறம் எதுக்குக் கல் பொறுக்கணும்?” என்கிறீர்களா? கெட்டிக்காரர்கள்! வலைக் கண்ணைவிடச் சின்னத் துகள் உள்ளே போய்விடுமே. கூரான ஆணி டயரையும் கிழிக்குமே. அதோடு, எல்லா விமானத்துக்கும் வலை கிடையாது.

அடுத்தது எரிபொருள் நிரப்புவது. குழாயை மாட்டுவதற்கு முன்னால் விமானத்தையும் எரிபொருள் லாரியையும் ஒரு கம்பியால் இணைப்பார்கள். இதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். காய்ந்த தலையைப் பிளாஸ்டிக் சீப்பால் பத்துப் பதினைந்து தடவை வாரிவிட்டு, சீப்பைக் காகிதத் துணுக்குகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோங்கள். துணுக்குகள் தாவி ஒட்டிக்கொள்ளும். உரசியதால் சீப்பில் மின்னூட்டம் சேர்ந்துவிட்டது. எரிபொருள் குழாய்க்குள் வேகமாக ஓடும்போதும் இப்படித்தான் மின்னூட்டம் சேரும். அது ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவினால் தீப்பொறி பறக்கும். பக்கத்தில் எரிபொருள் ஆவி இருந்தால்? நினைக்கவே பயமாக இருக்கிறது! கம்பி இருந்தால் மின்னூட்டம் பொறி பறக்காமல் அதன் வழியே ஓடிவிடும். அதனால் முதலில் கம்பி, பிறகுதான் குழாய். இந்த வரிசையை மாற்றக் கூடாது.

டயரிலும் ஒரு சங்கதி உண்டு. சைக்கிளுக்கு நாம் அடிக்கிற காற்றை விமான டயருக்கு அடிப்பதில்லை. நைட்ரஜன் வாயுவைத்தான் அடைப்பார்கள். இறங்கும்போது பிரேக் பயங்கரமாகச் சூடாகும். தீ எரிய ஆக்சிஜன் வேண்டும், நைட்ரஜன் தீயை வளர்க்காது. சாதாரணக் காற்றில் ஈரமும் இருக்கும். பதினொரு கிலோமீட்டர் உயரத்தில் குளிர் சுமார் மைனஸ் 56 டிகிரி. ஈரம் அங்கே உறைந்துவிடும் அல்லவா?

சுகோய் தரையைத் தொட்டதும் வால்பக்கம் ஒரு பாராசூட் விரிந்து வேகத்தைக் குறைக்கும். அதை மறுபடி மடித்து வைப்பதும் தரைப்பணிக் குழுதான். பட்டம் விடுகிறவர்களுக்குத் தெரியும், நூலைச் சரியாகச் சுற்றாவிட்டால் அடுத்த முறை சிக்கிக்கொள்ளும். பாராசூட் கயிறும் அப்படியே. ஆனால் இங்கே சிக்கல் எடுத்துவிட்டு மறுபடி முயலலாம் என்ற பேச்சே இல்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது அவர்களுடைய கருவிப் பெட்டி. ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் வடிவத்திலேயே ஒரு பள்ளம் வெட்டியிருக்கும். வேலை முடிந்து பார்க்கும்போது ஒரு பள்ளம் காலியாக இருந்தால், அந்தக் கருவி கிடைக்கிறவரை விமானம் பறக்காது. விமானம் தலைகீழாகப் புரளும்போது, உள்ளே மறந்து வைத்த ஸ்பேனர் உருண்டுபோய் எதிலாவது மாட்டிக்கொண்டால்? விமானியால் திருப்பக்கூட முடியாமல் போகலாம்.

கொஞ்சம் வரலாறும் கேளுங்கள். இந்திய விமானப்படை பிறந்தது 1932 அக்டோபர் 8-ஆம் தேதி. அடுத்த ஆண்டு ஏப்ரலில் கராச்சியில் முதல் படைப்பிரிவு தொடங்கியபோது, அதனிடம் இருந்தவை நான்கு வாபிட்டி விமானங்கள். அவற்றைக் கவனிக்க 19 ‘ஹவாய் சிப்பாய்’கள். அதாவது நம்முடைய முதல் தரைப்பணிக் குழு.

லாகூரில் பொறியியல் படித்த ஹர்ஜிந்தர் சிங்கும் அப்படி ஒரு சிப்பாயாகச் சேர்ந்தவர்தான். கையில் எண்ணெய்க் கறையோடு தொடங்கியவர், ஏர் வைஸ் மார்ஷல் பதவி வரை உயர்ந்தார். கான்பூரில் ஆவ்ரோ விமானங்களைக் கட்டும் வேலைக்குத் தலைமை தாங்கினார். அங்கே கட்டிய முதல் ஆவ்ரோ 1961-இல் பறந்தது.