வாய்ப் புற்றுநோய்: தோற்றமும் தடுப்பும்

புற்றுநோய் ஒரே நாளில் தோன்றும் நோயன்று. உடலின் உயிரணுக்கள் எப்பொழுது பெருகுதல் வேண்டும், எப்பொழுது நிற்றல் வேண்டும் என்பதை அவற்றிலுள்ள ஜீன்களே நிர்ணயிக்கின்றன. மெல்லும் புகையிலையிலுள்ள நைட்ரோசமின் முதலிய இரசாயனப் பொருள்கள் இந்த ஜீன்களைச் சிதைக்கின்றன. சிதைவுகளுட் பெரும்பாலானவற்றை உயிரணு தானே செப்பனிட்டுக்கொள்ளும். ஆனால் பழக்கம் ஆண்டுக்கணக்கில் நீடிப்பின், எஞ்சிய சிதைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து, கட்டுக்கடங்காது பெருகும் உயிரணுக்களை உருவாக்கக்கூடும். புகையிலை சேராத பாக்கும் தீங்கற்றதன்று.

இந்த நீண்ட இடைக்காலமே தடுப்புக்கு வாய்ப்பளிக்கின்றது. துடைத்தாலும் நீங்காத வெண்படலம், செந்திட்டு, ஆறாத புண், வாயை முழுதும் திறக்க இயலாமை ஆகியவை எச்சரிக்கைக் குறிகள். இவை யாவும் புற்றாக மாறுவதில்லை. எனினும் இரண்டு வாரங்களுக்குமேல் நீடிப்பின் மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும்.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் தொடங்கிய ஆராய்ச்சியில், பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று மக்களின் வாயைக் கண்ணாற் பரிசோதித்தனர். 2005-இல் வெளியான முடிவின்படி, புகையிலை அல்லது மதுப் பழக்கமுடையோரிடையே வாய்ப் புற்றுநோய் மரணங்கள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்தன. விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை.

ஊழியரின் பணி குறிகளைக் காண்பது. ஆசிரியரின் பணி அதற்கும் முற்பட்டது. கல்வி நிலையங்களிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலை விற்பதை 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கின்றது. மாணவன் முதற் பொட்டலத்தைப் பிரிக்காதவாறு காப்பதே தடுப்புகளுள் தலையாயது.