கருத்தரங்கக் கட்டுரையும் ஆலிம்களும்

பல்கலைக்கழகங்களின் தமிழ்த் துறைகளும் அரபுத் துறைகளும் நடத்தும் கருத்தரங்குகளுக்கு மதரஸாக்களில் ஓதிப் பட்டம் பெற்ற ஆலிம்கள் அழைக்கப்படுவது இன்று புதுமையன்று. ஆயினும் அழைப்பிதழ் கைக்கு வந்ததும் அவர்களுள் பலர் தயங்குகின்றனர். வேறு சிலர் ஜும்ஆ மேடையில் ஆற்றும் பயானையே சற்று நீட்டி எழுதிக் கொண்டுபோய் வாசித்துவிடுகின்றனர். தயக்கம், பழக்கம் ஆகிய இரண்டாலும் நட்டம் ஏற்படுவது இஸ்லாமியத் தமிழ் ஆய்வுக்கே ஆகும்.

இந்த ஆய்வுத் துறை மிக இளையது. 1973ஆம் ஆண்டு திருச்சியில் நடைபெற்ற இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு அதற்கு ஒரு பெரும் உந்துதலாக அமைந்தது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றிய ம.மு. உவைஸ், பீ.மு. அஜ்மல்கானுடன் இணைந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதி அடித்தளமிட்டார். அவ்வடித்தளத்தின்மீது எழுப்பப்பட வேண்டிய சுவர்களில் ஒன்று, தமிழ் நூல்களின் அரபு மூலங்களைக் கண்டறிந்து ஒப்பிடும் பணி. அரபு மூலநூல்களைத் தாமே படிக்கவும், தமிழ்ச் செய்யுளைப் பொருளுணர்ந்து பயிலவும் வல்லவர்கள் மிகச் சிலரே. அச்சிலரும் எழுதாதிருந்தால் அப்பணி ஊகங்களாலேயே நிரப்பப்படும்.

பயானும் ஆய்வுரையும்

பயானின் நோக்கம் உள்ளத்தை நெகிழ்வித்து நன்மையின்பால் திருப்புவது. கேட்போர் முன்பே ஏற்றுக்கொண்ட உண்மையை அது நினைவூட்டுகின்றது. ஆய்வுரையோ, இதுவரை விடை காணப்படாத ஒரு வினாவை எடுத்துக்கொண்டு, கேட்போர் சரிபார்க்கத்தக்க சான்றுகளால் விடை தேடுகின்றது. ஆகவே "இஸ்லாமும் தமிழும்" என்பது ஒரு பயானுக்குத் தலைப்பாகலாம். கருத்தரங்கக் கட்டுரைக்கு ஆகாது. "சீறாப்புராணத்தின் சிறப்பு" என்பதும் அவ்வாறே. அவற்றில் வினா இல்லை.

இப்னு கல்தூன் தம் முகத்திமாவில், நூல் இயற்றுவதற்குரிய நோக்கங்கள் ஏழு என வரையறுத்துள்ளார். புதியதொரு கலையைத் தொகுத்தல், விளங்காததை விளக்குதல், முன்னோர் பிழையைத் திருத்துதல், குறைந்ததை நிறைவு செய்தல், ஒழுங்கற்றதை ஒழுங்குபடுத்தல், சிதறிக் கிடப்பதைத் திரட்டுதல், விரிந்ததைச் சுருக்குதல் என்பன அவை. கட்டுரை எழுத அமர்பவர், தம் கட்டுரை இவ்வேழனுள் எதைச் செய்கின்றது என்று தம்மையே கேட்டுக்கொள்வாராக. விடை கிடைக்கவில்லையெனில் எழுதத் தொடங்கும் வேளை இன்னும் வரவில்லை.

வினாவை வரையறுத்தல்

உஸூல் நூல்களில் 'தஹ்ரீரு மஹல்லின் நிஸாஃ' என்றொரு படிநிலை உண்டு. கருத்து வேறுபாடு எந்த இடத்தில் உள்ளது என்பதை, வேறுபாடில்லாத பகுதிகளிலிருந்து பிரித்துக் காட்டுவது அது. கருத்தரங்கக் கட்டுரையின் முதற் பத்தி செய்ய வேண்டியதும் இதுவே.

ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். உமறுப்புலவரின் சீறாப்புராணம் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்னும் மூன்று காண்டங்களையும் 92 படலங்களையும் 5027 செய்யுட்களையும் கொண்டது. இதனை முழுவதும் ஆராய ஒரு கருத்தரங்கக் கட்டுரை போதாது. நுபுவ்வத்துக் காண்டத்தின் 'மானுக்குப் பிணை நின்ற படலம்' ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். வேடனிடம் சிக்கிய மான், தன் கன்றுக்குப் பாலூட்டி வர விடை வேண்டுகின்றது. நபி (ஸல்) அவர்கள் அதற்குப் பிணை நிற்கின்றார்கள். மான் சொன்னபடி திரும்பி வருகின்றது. இதுவே படலத்தின் கதை.

இந்நிகழ்ச்சி ஹதீஸ் கலையின் ஆறு பெருந்தொகுப்புகளில் இல்லை. அபூ நுஐம் (மறைவு ஹி. 430/கி.பி. 1038), பைஹகீ (மறைவு ஹி. 458/கி.பி. 1066) ஆகியோர் நபித்துவச் சான்றுகளைத் தொகுத்த 'தலாயிலுந் நுபுவ்வா' என்னும் பெயருடைய நூல்களில் இதன் அறிவிப்புகள் உள்ளன. அவற்றின் அறிவிப்பாளர் தொடர்கள் ஹதீஸ் விமர்சகர்களால் பலவீனமானவை எனக் கொள்ளப்பட்டுள்ளன. இவ்வளவில் வேறுபாடில்லை. வினா இனித்தான் எழுகின்றது. தமிழ்ப் படலத்திலுள்ள விவரங்களுள் எவை இவ்வறிவிப்புகளோடு ஒத்துச் செல்கின்றன? எவை மௌலிது, கிஸ்ஸா ஏடுகளின் வழியாக வந்திருக்கக்கூடும்? எவை புலவரின் கற்பனை? இம்மூன்றையும் பிரித்துக் காட்டினால் அதுவே ஒரு நல்ல கட்டுரை.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். அறிவிப்பு பலவீனமானது என்று தீர்ப்புக் கூறுவதோடு கட்டுரையை முடிப்பது ஆலிம்களுக்கு எளிது. அத்தீர்ப்பு முஹத்திஸ்கள் முன்பே வழங்கியது. ஆய்வாளரின் புதிய கண்டுபிடிப்பன்று. காப்பியத்தைச் சட்டநூல் போல நிறுத்து நோக்குவது கருத்தரங்கின் வேலையுமன்று. ஓர் அரபுச் செய்தி எவ்வழியே தென்கடற்கரை வந்து சேர்ந்து காப்பியமாயிற்று என்பதே அங்கே கேட்கப்படுவது.

சான்றும் சொல்லழுத்தமும்

ஹதீஸ் மாணவருக்கு ஸனதின் அருமையை எடுத்துரைக்க வேண்டியதில்லை. செய்தியைச் சொன்னவர் யார், அவர் யாரிடம் பெற்றார் என்று கேட்டுப் பழகியவர் அவர். ஆனால் அதே மாணவர் கட்டுரை எழுதும்போது "அறிஞர்கள் கூறுகின்றனர்" என்று எழுதிவிட்டுச் செல்வதை அடிக்கடி காண்கின்றோம். எந்த அறிஞர், எந்த நூல், எந்தப் பதிப்பு, எந்தப் பக்கம் என்பன அடிக்குறிப்பில் இடம்பெற வேண்டும். இக்காலத்தில் 'அல்மக்தபதுஷ் ஷாமிலா' போன்ற கணினித் தொகுப்புகள் ஒரு சொல்லைத் தேடி நொடியில் தந்துவிடுகின்றன. அவற்றைத் தேடுவதற்குப் பயன்படுத்தலாம். சான்று காட்டுவதற்கு முன் அச்சுநூலைத் திறந்து சரிபார்த்தல் வேண்டும். ஒரு செய்தியை மட்டும் பெயர்த்தெடுத்தால், நூலாசிரியர் அதை ஏற்று எழுதினாரா, மறுப்பதற்காக எடுத்தாண்டாரா என்பது தெரியாமற் போகும்.

கையெழுத்து ஏடுகளைக் கையாள்வதற்கும் நம் மரபில் நெறி உண்டு. இப்னுஸ் ஸலாஹ் (மறைவு ஹி. 643/கி.பி. 1245) ஹதீஸைப் பெறும் முறைகளுள் எட்டாவதாக 'விஜாதா'வைக் கூறுகின்றார். ஒருவரிடம் நேரிற் கேளாமல் அவருடைய கையெழுத்தில் கண்டதை, "இன்னாரின் கையெழுத்தில் கண்டேன்" என்றே கூற வேண்டும்; கேட்டதாகக் கூறலாகாது. ஒரு குடும்பத்தின் பெட்டியில் கிடைத்த அரபுத்தமிழ் ஏட்டைப் பற்றி எழுதுபவரும், ஏடு எங்கே கிடைத்தது, எத்தனை தாள், தொடக்கமும் இறுதியும் உளவா, எழுதியவர் பெயரும் ஆண்டும் உண்டா என்பவற்றை முதலில் பதிவு செய்ய வேண்டும். ஏடு நாளை கரையானுக்கு இரையானாலும் அப்பதிவு நிலைக்கும்.

சான்றின் வலிமைக்கேற்பச் சொல்லின் அழுத்தமும் அமைய வேண்டும். பலவீனமான செய்தியை 'கால' (கூறினார்கள்) என்று உறுதியாகக் கூறாமல், 'ருவிய' (அறிவிக்கப்பட்டுள்ளது) என்று கூறுமாறு ஹதீஸ் கலையினர் பணித்துள்ளனர். உமறுப்புலவர் சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களின் வட்டத்திலிருந்து நபி வரலாற்றுச் செய்திகளைப் பெற்றார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. அதை அவ்வாறே எழுதுக. பைஹகீயின் நூலுக்கும் படலத்துக்கும் இரண்டு விவரங்களில் ஒற்றுமை இருந்தால், "உமறு பைஹகீயைப் பார்த்தே எழுதினார்" என்று முடிவுகட்டலாகாது. "இரண்டும் ஒரே செய்தி மரபைச் சார்ந்தவை" என்பதே அச்சான்று தாங்கும் அளவு.

எழுத்தும் பேச்சும்

கருத்தரங்கில் பெரும்பாலும் பதினைந்து மணித்துளிகளே கிடைக்கும். நிதானமாக வாசித்தால் மணித்துளிக்கு ஏறத்தாழ நூறு சொற்கள் செல்லும். பதினைந்து பக்கக் கட்டுரையை அதற்குள் வாசித்து முடிக்க இயலாது. ஆகவே அச்சுக்குத் தருவது ஒன்று, அவையில் பேசுவது வேறொன்று என இரண்டு படிகள் ஆயத்தம் செய்க. பேசும் படியில் வினா, அதற்குரிய இரண்டு அல்லது மூன்று சான்றுகள், முடிவு ஆகியவை மட்டும் இருக்கட்டும். நீண்ட ஸலவாத்து, புகழுரை, அவையடக்கம் ஆகியவற்றில் ஐந்து மணித்துளி கழிந்தால் சான்றுக்கு இடமிராது. அவையில் அரபு அறியாதோர் இருப்பர் என்பதால் கலைச்சொல் ஒவ்வொன்றையும் முதன்முறை கூறும்போதே தமிழில் விளக்குக. ஹிஜ்ரி ஆண்டோடு கிறித்தவ ஆண்டையும் தருக.

வினாக்களை எதிர்கொள்ளல்

பலர் அஞ்சுவது உரைக்குப் பின்வரும் வினா நேரத்தையே. ஆனால் இதற்கெனவே ஒரு பாடத்தை நம் மதரஸாக்கள் வைத்துள்ளன. அஸ்ஸையித் ஷரீஃப் ஜுர்ஜானி (மறைவு ஹி. 816/கி.பி. 1413) எழுதிய முனாளரா நூலுக்கு ஜவ்ன்பூர் அப்துர் ரஷீத் இயற்றிய உரையான 'ரஷீதிய்யா' தர்ஸே நிஜாமியில் இடம்பெற்றது. எதிர்வாதி செய்யத்தக்கவை மூன்று என அக்கலை வகுக்கின்றது. வாதத்தின் ஒரு கூற்றுக்குச் சான்று கேட்பது 'மன்உ'. சான்றே பழுதுடையது எனக் காட்டுவது 'நக்ள்'. எதிர்முடிவுக்கு வேறு சான்று கொணர்வது 'முஆரளா'.

மான் படலக் கட்டுரையை வாசித்தபின், "இவ்விவரம் மௌலிது ஏட்டிலிருந்து வந்தது என்பதற்கு ஆதாரம் என்ன?" என ஒருவர் கேட்டால் அது மன்உ. ஏட்டைக் காட்ட முடிந்தால் காட்டுக. இயலாவிடில் கூற்றின் அழுத்தத்தைக் குறைத்துக்கொள்க. "நீங்கள் காட்டும் ஏடு உமறுவின் காலத்துக்குப் பிற்பட்டதாயிற்றே" என்றால் அது நக்ள். ஏட்டின் காலத்தை ஆராய்ந்தே விடை கூற வேண்டும். "இதே விவரம் பைஹகீயிலேயே உள்ளது" என்று ஒருவர் நூலை நீட்டினால் அது முஆரளா. இரு சான்றுகளையும் எடைபோட வேண்டும். எந்த வகை வினா என்று தெரிந்துகொண்டால் விடையின் வகையும் தெரிந்துவிடும். வினவுபவரின் நோக்கத்தை ஐயுறுவதற்கோ குரலை உயர்த்துவதற்கோ இக்கலையில் இடமில்லை.

ஆதலால் கருத்தரங்கை அந்நியரின் அவை எனக் கருதித் தயங்க வேண்டியதில்லை. அங்கே கேட்கப்படும் வரையறையும் சான்றும் வாதநெறியும் நாம் பாடமாக ஓதியவையே. புதிதாகச் செய்ய வேண்டியது, ஓதியதைச் சிறியதொரு வினாவின்மீது பொருத்தி, பிறர் சரிபார்க்கும் வடிவில் எழுதிவைப்பது ஒன்றுதான். ஒரு படலத்துக்கு ஒரு கட்டுரையென எழுதப்பட்டாலும் சீறாப்புராணம் ஒன்றுக்கே 92 கட்டுரைகள் வேண்டும். அச்சேறாத அரபுத்தமிழ் ஏடுகள் இக்கணக்கில் சேரவில்லை.