எட்டு விளக்கும் எரிந்தால் போதுமா?

புது ஆபீசில் நெட்வொர்க் கேபிள் இழுக்கிறவர்களைப் பார்த்தால், சுவரைத் துளைப்பதும் பைப்புக்குள் கேபிளைக் கோர்ப்பதும்தான் பெரிய வேலை என்று தோன்றும். நுணுக்கம் இருப்பதோ கடைசி அரை அங்குலத்தில். நேராக அங்கேயே போய்விடுவோம்.

கேட்6 கேபிளின் மேலுறையைச் சீவினால் உள்ளே எட்டுச் செம்புக் கம்பிகள். ஆரஞ்சோடு வெள்ளை-ஆரஞ்சு, பச்சையோடு வெள்ளை-பச்சை என்று நான்கு ஜோடிகளாக முறுக்கியிருக்கும். 1881-லேயே கிரகாம் பெல் காப்புரிமை வாங்கிய உத்தி இது.

எதற்கு இந்த முறுக்கு? ஒரு தராசை நினைத்துக்கொள்வோம். ஜோடியில் ஒரு கம்பியில் சிக்னல் நேராகவும் மற்றதில் தலைகீழாகவும் போகிறது. மறுமுனைக் கருவி இரண்டுக்குமான வித்தியாசத்தை மட்டுமே பார்க்கிறது. பக்கத்து ஏசி ஒயரிலிருந்து இரைச்சல் வந்தால் இரண்டு தட்டிலும் சமமாக விழும், முள் அசையாது. அப்படிச் சமமாக விழுவதற்காகத்தான் இரண்டு கம்பிகளும் மாறி மாறி இடம் பெயர்கின்றன.

இப்போது எல்லாரும் சறுக்கும் இடம். “கலர் எப்படி இருந்தா என்ன சார், ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி போட்டா போதும்.” கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. டெஸ்டரில் மாட்டினால் 1 முதல் 8 வரை விளக்குகள் வரிசையாக எரியவும் செய்யும். ஆனால் கேபிள் முனையில் மாட்டும் ஆர்ஜே45 கனெக்டரின் எட்டுப் பின்களில் 1-2 ஒரு ஜோடி, 7-8 ஒரு ஜோடி, 4-5 ஒரு ஜோடி. மீதி 3-உம் 6-உம், நடுவில் இருக்கும் இரண்டைத் தாண்டி, ஒரு ஜோடி. நடு இரண்டும் டெலிபோன் லைனுக்கு என்றிருந்த பழைய வழக்கத்தின் மிச்சம். இது தெரியாமல் ஆரஞ்சு, பச்சை, நீலம், பிரவுன் என்று அழகாக அடுக்கினால் 3-இல் பச்சை ஜோடியின் கம்பி, 6-இல் நீல ஜோடியின் கம்பி. மின்சாரம் ஓடும், விளக்கு எரியும். தராசு மட்டும் கெட்டுப்போகும்.

இதில் குறும்பு என்னவென்றால், 100 எம்பிபிஎஸ் வேகத்துக்கு 1, 2, 3, 6 போதும் என்பதால் அந்தக் கேபிள் பெரும்பாலும் ஓடிவிடும். ஜிகாபிட்டில் நான்கு ஜோடிகளும் ஒரே நேரத்தில் பேசும். ஒன்றின் பேச்சு இன்னொன்றில் கசிந்து திணறும். பழி நெட்வொர்க் சுவிட்சின் மேல் விழும்!

டி568பி என்ற நிலையான வண்ண வரிசையை அப்படியே பின்பற்றினால் பிரச்சினை இல்லை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பிரவுன், பிரவுன். பச்சைகளுக்கு நடுவே நீலங்கள் உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள். கனெக்டரைக் கேபிளில் அழுத்திப் பொருத்தும்போது (கிரிம்ப்) முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்க வேண்டாம். முனைகளில் கருவிகளை இணைக்கும் குட்டிக் கேபிளான பேட்ச் கார்டையும் சேர்த்து மொத்த நீளம் 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. கேபிள் விலை ரொம்ப மலிவாக இருந்தால், முனையைச் சுரண்டிப் பாருங்கள்: உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம்.