கோட்டுக்கு வெளியே நிற்கிறவர்



அதிகாலையில் மாரிகுப்பத்திலிருந்து வரும் ரயில் பங்காருபேட்டை சந்திப்பை அடையும்போது, அதில் நிற்பதற்கும் இடமிராது. பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் நம் பிள்ளைகளே அதில் நிறைந்திருக்கிறார்கள். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி கோலார் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டபோது தகப்பன்மாரின் தொழில் நின்றுபோயிற்று. அனுபவமுள்ள தொழிலாளி இளையவனைத் தன் பக்கத்தில் நிறுத்தி வேலை கற்றுக்கொடுத்த வழக்கமும் அத்தோடு நின்றது. இன்று நம் வாலிபருக்குச் சம்பளம் கொடுக்கிறவர்கள் உண்டு. அவர்களை உருவாக்குகிறவர்கள் உண்டா? இந்தக் கேள்வியை மனதில் கொண்டு, ஒரு ரக்பி பயிற்சியாளரின் வாழ்க்கையைச் சற்றே சிந்திப்போம்.

தென் பசிபிக் சமுத்திரத்திலுள்ள பிஜித் தீவுகள் தமிழருக்கு அந்நியமானவை அல்ல. 1903 முதல் 1916 வரை சென்னைத் துறைமுகத்திலிருந்து ஏறக்குறைய 15,000 பேர் ஒப்பந்தக் கூலிகளாகக் கரும்புத் தோட்டங்களுக்கு அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். வட ஆற்காட்டு வறுமை சிலரைக் கோலாரின் சுரங்கத்துக்குள் இறக்கியது. சிலரைப் பிஜிக்குக் கப்பலேற்றியது. அந்தத் தீவுகளின் பூர்வகுடி மக்களுக்கு ரக்பி உயிரோடு கலந்த விளையாட்டு. முட்டை வடிவப் பந்தைக் கையிலேந்தி ஓடலாம். ஆனால் கையால் முன்னோக்கி எறியக்கூடாது, பக்கவாட்டிலோ பின்னாலோ வருகிறவனுக்கே கொடுக்கவேண்டும். அணிக்கு எழுவர் ஆடும் வகையில், ஆட்டம் ஏழு ஏழு நிமிடங்களாக இரு பாதிகளில் முடிந்துவிடும்.

1995-ஆம் ஆண்டில்தான் ரக்பி யூனியன் சம்பளத்துக்கு ஆடும் தொழில்முறை விளையாட்டாயிற்று. அதிலிருந்து பயிற்சியாளர் உத்தியோகமும் நிலையற்றதாயிற்று. வெற்றி வந்தால் மாலை. தோல்வி வந்தால் ஒப்பந்தம் முடிவு. ஆட்டம் தொடங்கிய பின்பு அவர் கோட்டுக்கு வெளியே நிற்கவேண்டியவரே. ஓடுகிறவர்கள் வேறு, பொறுப்பு மாத்திரம் அவருடையது.

இங்கிலாந்து தேசத்தவரான பென் ரயன் பள்ளி ஆசிரியராயிருந்து, பின்பு தம் தேசத்தின் எழுவர் அணிக்குப் பல ஆண்டுகள் பயிற்சியளித்தவர். 2013-ஆம் ஆண்டு பிஜி அவரை அழைத்தபோது, முடிவு சொல்ல அவருக்குக் கிடைத்தது இருபது நிமிடங்களே. சென்று பார்த்தாலோ, ரக்பி சங்கம் பணமுடையில் இருந்தது. முதல் சில மாதங்கள் அவருக்குச் சம்பளமே வரவில்லை. ஆயினும் அவர் திரும்பிப் போகவில்லை.

பிஜி வாலிபருக்குத் திறமை குறைவுபடவில்லை, ஒழுங்கே குறைவுபட்டது. அவர் உணவைச் சீர்ப்படுத்தினார், உடற்தகுதியை வற்புறுத்தினார், சிங்கத்தோக்கா மணற்குன்றுகளில் அவர்களை ஓடவைத்தார். அதே சமயம், அவர்களுடைய கிராமங்களுக்குச் சென்று அவர்களது வாழ்க்கையையும் கற்றுக்கொண்டார். அணியினர் கூடிப் பாடி ஜெபிக்கும் வழக்கத்துக்கு அவர் தடையாயிருக்கவில்லை. சுவா நகருக்கு அருகே ஏழைக் குடியிருப்பில் பிளாஸ்டிக் புட்டியைப் பந்தாக வைத்து விளையாடி வளர்ந்த ஜெரி துவாய் உயரம் குறைந்தவர். அவரை நம்பித் தேசிய அணியில் சேர்த்தவர் ரயனே.

2015, 2016 ஆகிய இரண்டு பருவங்களிலும் பிஜி உலகத் தொடரை வென்றது. 2016 பிப்ரவரியில் வின்ஸ்டன் புயல் 44 உயிர்களைக் கொண்டுபோய், ஆயிரக்கணக்கான வீடுகளைத் தரைமட்டமாக்கியது. அந்தத் துயரத்தைச் சுமந்தபடி ரியோ ஒலிம்பிக்குக்குச் சென்ற அணி, ஆகஸ்ட் 11-ஆம் தேதி இறுதி ஆட்டத்தில் பிரிட்டனை 43-7 என்று வென்றது. பிஜி எந்த விளையாட்டிலும் பெற்ற முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுவே. வீரர்கள் தோளோடு தோள் சேர்ந்து வட்டமாய் நின்று, ஆட்டுக்குட்டியானவரின் ஜெயத்தைப் போற்றும் ஞானப்பாட்டைப் பாடினார்கள். பின்பு முழங்காலிட்டுப் பதக்கங்களைப் பெற்றுக்கொண்டார்கள். தேசம் 7 டாலர் நோட்டு அச்சிட்டு, அணியையும் பயிற்சியாளரையும் அதில் பதித்தது.

இத்தனை மகிமை பெற்ற மனிதர் அதன்பின் பிஜியில் தங்கிவிடவில்லை. பொறுப்பை விட்டுப் புறப்பட்டார். அவர் செய்த வேலையின் அளவு அதற்குப் பின்புதான் தெரிந்தது. கோவிட் காலத்தில் பல மாதங்கள் குடும்பத்தைப் பிரிந்து பயிற்சி செய்த அணி, வேல்ஸ் தேசத்தவரான கேரத் பேபரின் கீழ் 2021-இல் டோக்கியோவில் மீண்டும் பொன் வென்றது. அப்போது அணித்தலைவர், அந்தக் குள்ளமான ஜெரி துவாய்! அடுத்து வந்த பென் கோலிங்ஸ் 2022-இல் உலகக் கோப்பையை வென்று தந்தார். எனினும் தொடர்ந்த தோல்விகளால் 2024-இன் தொடக்கத்தில் அவருடைய பணி முடிவுக்கு வந்தது. அந்த இடத்துக்கு வந்தவர் ஓசேயா கொலினிசாவ். ரியோவில் ரயனின் அணிக்குத் தலைவராயிருந்தவர் இவரே. 2024 பாரிஸில் அவருடைய அணி இறுதி ஆட்டத்தில் பிரான்சிடம் 28-7 என்று தோற்று, வெள்ளி பெற்றது. பொன் கைநழுவிப் போயிற்று. ஆனால் நேற்று கற்றவன் இன்று கற்பிக்கிறவனாய்க் கோட்டுக்கு வெளியே நின்றான். இதுவல்லவோ பயிற்சியாளரின் மெய்யான பலன்!

நம் தேசத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 2005-இல் ஆட்டக்காரராகப் பிஜிக்கு எழுவர் உலகக் கோப்பையை வென்று தந்த வைசாலே செரேவி, 2023-இல் இந்திய அணிகளுக்குப் பயிற்சியளிக்க வந்தார். உலகமே வியந்த வீரர், இன்னும் எழுத்துக்கூட்டிப் படிக்கும் நிலையிலுள்ள நம் பிள்ளைகளோடு மைதானத்தில் நிற்க மனதாயிருந்தார்.

அப்போஸ்தலனாகிய பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதை நினைவுகூருங்கள் (2 தீமோ. 2:2). பவுல், தீமோத்தேயு, உண்மையுள்ள மனுஷர், அவர்கள் போதிக்கும் மற்றவர்கள் என்று நான்கு தலைமுறை அந்த ஒரே வசனத்தில் நிற்கிறது. தன்னோடு முடிந்துபோகிற ஊழியத்தை அப்போஸ்தலன் விரும்பவில்லை.

பிரியமானவர்களே, ரயிலில் களைத்துத் திரும்பும் வாலிபனுக்கு நம் வீட்டிலும் சபையிலும் யார் இருக்கிறார்கள்? கணக்குத் தெரிந்தவர் கணக்கையும், தையல் தெரிந்த சகோதரி தையலையும், மின்வேலை தெரிந்தவர் அதையும் ஒரே ஒரு பிள்ளைக்காவது பக்கத்தில் நிறுத்திக் கற்றுக்கொடுக்கலாகாதா? சம்பளம் தாமதித்தாலும், பெயர் வெளியே வராவிட்டாலும், கோட்டுக்கு வெளியே பொறுமையாய் நிற்கிற ஒருவர் வேண்டும். நீங்கள் போன பின்பும் அந்தப் பிள்ளை ஓடுவான். அவன் இன்னொருவனை ஓடவைப்பான்.